பதினாறில் வைத்து எடுத்த படம்

நாகலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு ஹசீனாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நானும் நம் பிள்ளை ஹலீமாவும் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

போனில் சொன்னால் உங்கள் குரல் உயரும், பிறகு என் குரலும் உயரும். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வியின் தம்பி லீவு முடிந்து உங்கள் தம்மாமுக்குத் திரும்புகிறான். அவனிடம் இதையும், ஒண்டிக்கடை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்ட இரண்டு படங்களையும் கொடுத்தனுப்புகிறேன்.

பூ மழை பெய்து நம் காப்பிக்காடு பூத்து வெளுத்துக் கிடக்கிறது. பூ வாடுவதற்குள் படமெடுத்து, நம் நிலத்தை விலைக்குக் கேட்டவருக்கு அனுப்பச் சொன்னீர்கள். நீங்கள் விட்டுப்போன கேமராவில், நீங்கள் சொன்னபடியே லென்ஸ் வளையத்து எண்ணை இரண்டில் வைத்தேன். லென்ஸின் கண் அகலத் திறந்தது. முன்கிளையில் இதழ் இதழாகத் தெரிந்தது. பின்னால் இருந்ததெல்லாம் பாலில் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. போன மழைக்குச் சரிந்த செம்மண் மேடும் அதில் கரைந்துபோயிற்று. அழகான படம்தான். ஹலீமா பார்த்துவிட்டு, "ஏம்மா, மேடு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அந்த மேட்டுக்குக் கீழேதான் அவர், ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டப்போகிறார் என்று தரகர் சக்திவேல் சொன்னது உங்களுக்கும் தெரியும். கடைக் கணக்கில் ஒரு வரியை விட்டால் கூட்டல் எங்கேயாவது இடிக்கும், திருத்திக்கொள்ளலாம். இது மண், சரிந்தால் தூங்குகிறவர்கள் மேல்தான் விழும். குறையை மறைத்து விற்ற சரக்கில் பரக்கத் இல்லை, அந்தக் காசு நிலைக்காது என்றுதான் நாம் இருவரும் ஓதி வளர்ந்தோம்.

அஸர் தொழுதுவிட்டு மறுபடி போனேன். எண்ணைப் பதினாறுக்குத் திருப்பினேன். கண் சுருங்கிற்று. வெளிச்சம் குறைவாகப் போனதால் ஷட்டர் மெதுவாகத்தான் மூடியது, கையில் பிடித்து எடுத்ததில் படம் ஆடிப்போனது. களத்துச் சுவர்மேல் வைத்து, காற்று நிற்கும்வரை இருந்து எடுத்தேன். பூவும் தெரிந்தது, சில்வர் ஓக் மரங்களும் தெரிந்தன, மேட்டில் வேர் தொங்குவதும் தெரிந்தது. அதைத்தான் அவருக்கு அனுப்பினேன்.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறாராம். சக்திவேல் வாசலில் நின்று, "ஏனுங்கக்கா, பூவக் காட்டச் சொன்னா மேட்டயும் சேத்துக் காட்டிப்போட்டீங்களே! பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு நம்மூட்டுக் கடன்காரனயா மொதல்ல காட்டுவாங்க?" என்று சத்தம் போட்டார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

நிலம் கைமாறினால் வேலையை விட்டுவிட்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துவிடுவதாக இருந்தீர்கள். இனி அது தள்ளிப்போகும். தெரிந்துதான் அனுப்பினேன். ஹலீமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பூவுக்குப் பின்னால் நீலமாக ஒரு கறை இருக்கும். அது ஹலீமா. இரண்டாவதற்கும் அவளை அதே வேலியோரத்தில்தான் நிற்கச் சொன்னேன். எவ்வளவு உயரம் வந்திருக்கிறாள் என்று பாருங்கள்.

கோபம் ஆறினபிறகு போன் பண்ணுங்கள். எந்த வேளையானாலும் எடுப்பேன். உங்கள் உடம்பையும் ஈமானையும் அல்லாஹ் காக்கட்டும்.

உங்கள் துஆவில் என்னையும் வைத்துக்கொள்ளுங்கள்,
ஹசீனா