என் பையனைப் பார்க்கணும்

ஏப்ரல் 4

என் மோட்டார் ரிப்பேர் கடை முன்னால் பையன்கள் கும்பலாகப் போனார்கள். "டேய், ஃபாதர் வர்றாரு, சட்டையை உள்ள விடு" என்றான் ஒருத்தன். சைக்கிளில் வந்தது என் மகன். இயேசு சபைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆயிரம் பையன்களுக்கு அவன் ஃபாதர். எனக்குப் பேரன் என்று ஒருத்தன் கிடையாது.

ஏப்ரல் 9

அவனுக்கு மாற்றல். வேறு நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். சபை போ என்றால் போக வேண்டுமாம். பெற்றவனைக் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சாமியாராகப் போனபோதும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். பழைய மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றேன். இவனாவது உருப்படட்டும் என்று அங்கே சேர்த்தேன். படிக்கத்தான் கொடுத்தேன். வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 10

அவனைப் பெற்றவள் இவள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஒரு தடவை ஃபாதர்னு கூப்பிட்டா நாக்கு வெந்தா போயிரும்?" என்றாள்.

அவன் என்னைக் கூப்பிட வேண்டிய வார்த்தை அது. நான் எப்படி அவனைக் கூப்பிடுவது?

ஏப்ரல் 17

சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தான். ஒரு மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்று எண்ணிக்கை தவறிவிடும் என்று தலை நிமிரவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறேன்பா. அதுக்குள்ள ஒரு தடவை வாங்களேன். என் ரூமைக்கூட நீங்க பார்த்ததில்ல."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

எண்ணிக்கை அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தவறிவிட்டது.

ஏப்ரல் 24

போனேன். போகாமலே இருந்திருக்கலாம். பள்ளிக்கூடக் கேட்டில் புதுக் காவலாளி.

"யாரைப் பார்க்கணும் பெரியவரே?"

"என் பையனைப் பார்க்கணும்."

"எந்த கிளாஸ்?"

"கிளாஸ் இல்ல. என் பையன்."

"லீவு விட்டாச்சுங்க. பசங்க ஒருத்தரும் உள்ள இல்ல. தியேட்டர்ல போய்த் தேடுங்க."

ஃபாதர் என்று ஒரு சொல் போதும், கேட்டைத் திறந்திருப்பான். தெரிந்துதான் திரும்பினேன். பெற்ற பிள்ளையை எவனோ வைத்த பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குவதா — மாட்டேன்.

ஏப்ரல் 25

விமான நிலையத்திலிருந்து வந்தவள் படுத்தே கிடக்கிறாள். என்னோடு பேச்சில்லை.

மே 11

அவன் கூப்பிட்டிருந்தான். இவள் போனை நீட்டினாள். வாங்கவில்லை.

ஜூன் 14

பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், அந்தக் காவலாளியே தூக்கிக்கொண்டு வந்தான். அடையாளம் கண்டுகொண்டான். "அட, நீங்களா? அன்னைக்குத் தேடினீங்களே, பையன் கிடைச்சானா?"

மோட்டாரைப் புரட்டிப் பார்த்தேன்.

அவனாகவே பேசினான்: "அன்னைக்கு எங்க பழைய ஃபாதரும் அப்படித்தான். அவங்க அப்பா வருவாருன்னு பொழுது சாயிற வரைக்கும் வராந்தாவுலயே உட்கார்ந்திருந்தாங்க. வண்டி வந்தும் ஏறல. பாவம், அந்த மனுசன் வரவேயில்ல."

நாளை வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பினேன். பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

சாப்பிடும்போது இவளிடம் கேட்டேன்: "ஃபாதர் எப்போ போன் பண்ணுவாங்க?"

கரண்டியோடு நின்றவள், "எந்த ஃபாதர்?" என்றாள்.