ரொட்டி தேசத்துச் சட்டம்

பா, ஜூலை 2000

அன்புள்ள ரோகிணி,

நான் சுகம். அப்பாவின் மூட்டுவலி இப்போது எப்படி? தைலம் தேய்க்கிறாரா, இல்லை வழக்கம்போல் வீம்பு பிடிக்கிறாரா?

ஆட்சிக் கவிழ்ப்புச் செய்தியைக் கேட்டுப் பயப்படாதே. கலாட்டாவெல்லாம் இந்தத் தீவு நாட்டின் தலைநகரில்தான். இங்கே பா ஊரில் கடைகள் திறந்திருக்கின்றன, பஸ் ஓடுகிறது.

என் வகுப்புப் பிள்ளைகள்தான் அரசாங்கம் என்றால் என்ன என்று துளைத்தெடுத்தார்கள். நீங்களே ஒன்று செய்து பாருங்கள் என்றேன். ‘ரொட்டி தேசம்’ பிறந்துவிட்டது. கை தூக்கித் தேர்தல். ஜெயித்துப் பிரதமராகிறவர், தோற்றவருக்குத் தன் டிபனில் பாதி ரொட்டியைக் கொடுக்க வேண்டும். பட்டாளம் கிடையாது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை விநீல் பிரதமர். அதற்கு முந்தின வாரம்தான் அஞ்சீதாவின் குடும்பம் யாரிடமும் சொல்லாமல் ஆக்லாந்துக்குப் போய்விட்டது. அவளுடைய காலி பெஞ்சைக் காட்டி அவன் ஒரு சட்டம் கொண்டுவந்தான்: நாட்டை விட்டுப் போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அத்தனை கைகளும் உயர்ந்தன.

“மாஸ்டர்ஜி, நீங்களும் தூக்குங்க” என்று இந்தியில் சொன்னான்.

தூக்கினேன். அன்று காலையில் அதே கையால்தான் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தேன், ரோகிணி.

நீ சந்தோஷப்படுவாய். மாதக் கடைசியில் வந்துவிடுவேன். என் பழைய பள்ளியில் இடம் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டு வை. வருகிற அன்று மிளகு ரசம் மட்டும் போதும். சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடாதே.

டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. இதைத் தபாலில் சேர்க்க ஓடுகிறேன்.

உன்,
முகிலன்

பி.கு.: பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு என்னைப் பிரதமராக்கிவிட்டார்கள்.