நடிப்பு என்றார் தலைமை ஆசிரியர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்; கோபத்தில் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். பயப்படாதே, வேலை போகவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலைவலி என்று பள்ளி மருத்துவ அறைக்கு வந்தாள். தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள் என்பது அவள் கையைப் பார்த்ததும் தெரிந்தது. கட்டுப் போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன்.

"எல்லாம் நடிப்பு சிஸ்டர். அவ பேரைப் பள்ளியிலிருந்து நீக்கிடலாம். வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மானம் போயிடும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கால் உடைஞ்சு வந்தாலும் நடிப்புன்னு துரத்துவீங்களா சார்? அவளுக்கு வைத்தியம் கிடைக்காம நான் விடமாட்டேன்" என்று கத்தியேவிட்டேன்.

அவள் அம்மாவை வரவழைத்தேன். வந்த வேகத்தில் அந்த அம்மாள் கையை ஓங்கினாள். பிடித்துக்கொண்டேன். "அடிக்காதீங்கக்கா. என்ன கஷ்டம்னு மட்டும் கேளுங்க" என்றேன். கேட்டாள். பெண் வெகுநேரம் அழுதாள், பிறகு பேசினாள். இப்போது வாரந்தோறும் மனநல மருத்துவரிடம் போகிறார்கள். முதல் தடவை "நீங்களும் வாங்க" என்று அந்தப் பெண் என் விரலை விடவேயில்லை, கூடப் போனேன். தலைமை ஆசிரியர் என்னோடு பேசுவதில்லை. காதுக்கு நிம்மதி.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. தங்கை அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் "திமிரு" என்று திட்டாதே அம்மா. தட்டிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார். இங்கே சில நாள் எனக்கே அப்படி யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்றிருக்கிறது.

யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். ஓடுகிறேன்.

உன் மூத்தவள்