நோரீன் பாடிய கேசட்

7 பிப்ரவரி 2003, வெள்ளி. அஜ்மான்

ரஹ்மான் இன்று ஊருக்குக் கிளம்பிவிட்டான். கலீலுர் ரஹ்மான், பரமக்குடியில் எனக்கு அடுத்த தெரு, இந்த ரூமில் எனக்கு மேல்கட்டில். ஒருத்தன் லீவில் போனால் மற்றவன் எல்லாம் அவன் பெட்டியில்தான் குடும்பம் நடத்துவான். ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். என் பங்குக்கு ஒரு கேசட்.

என் வீட்டுக்காரி நாகவள்ளிக்குக் கடிதம் பிடிக்காது. நான் கேசட்டில் பேசி அனுப்புவேன், கேட்டுவிட்டு அதன் மேலேயே அவள் பதில் பேசி அனுப்புவாள். மூன்று வருடமாக ஒரே கேசட்தான் போய்ப் போய் வந்தது. போன மாதம் நாடா சிக்கி அறுந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். வியாழன் அன்று நான் ஓட்டும் வண்டியை வருடாந்திரச் சோதனைக்கு, பாசிங்குக்குக் கொடுக்கத் துடைத்தபோது டேஷ்போர்டு அறையின் அடியில் ஒரு கேசட் கிடந்தது. பெயர் எழுதவில்லை. போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினாள். ராகம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. முன்பு இருந்த டிரைவர் விட்டுப்போனதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அழியாமல் இருக்க அதன் மேல் ஓரத்துப் பிளாஸ்டிக் காதை உடைத்து வைத்திருந்தார்கள். அது நமக்கு ஒரு விஷயமா, ஓட்டையை மூடினால் மறுபடி பதிவாகும், செல்லோடேப் ஒட்டினேன். ஒரு பக்கம் முழுக்கப் பேசினேன். மறுபக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரஹ்மானின் டாக்ஸி வந்துவிட்டது.

28 பிப்ரவரி

நாகவள்ளியிடமிருந்து பதில் இல்லை. பேசுவதற்கு வாய்க்கு என்ன பஞ்சம்?

14 மார்ச், வெள்ளி

நேற்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

நான் வண்டி ஓட்டுவது டோனல் சாருக்கு. சைட் இன்ஜினியர், அறுபது வயது. தினமும் காலையில் ஷார்ஜாவில் அவரை ஏற்றி துபாய் சைட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. ஐயர்லாந்துக்காரர். இங்கிலாந்தா சார் என்று முதல் நாள் கேட்டுவிட்டேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்ஃபில் இருபத்திரண்டு வருடம். நல்ல மனுஷன்.

நேற்று டேஷ்போர்டு அறையைத் திறந்து துழாவினார். "கார்மேகம், இதில் ஒரு கேசட் இருந்ததே?"

அது அவர் மனைவி நோரீன் அனுப்பியது. அவர் இங்கே வந்த நாலாம் வருடம், ஊரில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைப் பாடி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். அதற்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்கும் தைரியம் வரவில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கட்டும் என்று வண்டியிலேயே வைத்திருந்தேன் என்றார். இப்போது மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம். அம்மா குரல் அங்கே கேட்கவேண்டும் என்று மகள் கேட்டாளாம்.

ராகம் எங்கே கேட்டது என்று அப்போதுதான் உறைத்தது. டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் இவர் முனகுவது அதுதான்.

"தெரியாது சார்" என்று சொல்லிவிட்டேன். பாசிங்குக்கு விட்ட இடத்தில் யாராவது எடுத்திருப்பார்கள் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அடப்பாவி, எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில.

21 மார்ச், வெள்ளி

ஈராக்கில் குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் பயந்துபோய் ரூமுக்குப் போன் மேல் போன். ரஹ்மான் வீட்டுக்கு நான் போன் பண்ணி நாகவள்ளியைக் கூப்பிடச் சொன்னேன். அவன் சம்சாரம் அஸ்மத் பீவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தலைவலியாம்ணே, வரலையாம்" என்றாள். குண்டு விழுகிற நேரத்தில் தலைவலியாம்.

4 ஏப்ரல், வெள்ளி

ஒரு யோசனை வந்தது. அது ஐயர்லாந்து நாட்டுப்பாடல் என்றுதானே சொன்னார். நாட்டுப்பாடல் என்றால் நாலு பேர் பாடியிருப்பார்கள், கேசட் போட்டிருப்பார்கள். அந்த அம்மாவின் குரல் போனது போனதுதான். பாட்டையாவது வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதிப் பாவம் தீரும்.

அஜ்மானில் இரண்டு கடை, ஷார்ஜா ரோலாவில் நாலு கடை. பெயர் தெரியாது, வரி தெரியாது. கடைக்காரன் முன்னால் நின்று முனகிக் காட்டினேன். ஒரு மலையாளி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சேட்டா, இது சர்ச்சில் பாடுற பாட்டா, கள்ளு குடிச்சிட்டுப் பாடுறதா?" என்றான். அதுகூட எனக்குத் தெரியாது. பச்சை அட்டை போட்ட ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தான்.

5 ஏப்ரல்

பச்சை அட்டை கேசட்டை வண்டியில் போட்டேன். டோனல் சார் பன்னிரண்டு பாட்டையும் பொறுமையாகக் கேட்டார். "நல்ல பாட்டுகள். அது இதில் இல்லை" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீ ஏன் இவ்வளவு தேடுகிறாய்?" என்று கேட்டார்.

சிக்னல் விழுந்ததால் தப்பித்தேன்.

பிறகு அவராகவே முதல் சரணத்தைப் பாடினார். அது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறதாம், மற்றது போய்விட்டதாம். அர்த்தம் கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவனே, நீ போன அன்று நான் கை காட்டவில்லை, கையில் மாவு ஒட்டியிருந்தது, அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை – இவ்வளவுதான் அந்தச் சரணம். நான் கிளம்பிய அன்று நாகவள்ளியும் வாசலுக்கு வரவில்லை.

2 மே, வெள்ளி

டோனல் சார் எழுதிக் கொடுத்த அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பையன் ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தான். கப்பல் பாட்டு வருகிறது, சண்டைப் பாட்டு வருகிறது, மாவுக் கை எங்கேயும் இல்லை. டோனல் சாரின் மச்சினி, நோரீன் அம்மாவின் தங்கை, ஐயர்லாந்தில் பழைய பாட்டுப் புத்தகங்களை எல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறாராம்.

9 மே

நாகவள்ளி இன்றும் போனுக்கு வரவில்லை. மூன்று மாதம் ஆகிறது. நான் என்ன தப்புச் செய்தேன்? அந்தக் கேசட்டில் அவ்வளவு ஆசையாகப் பேசியிருந்தேனே. மூன்றரை வருடம் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேன். இரண்டு தடவை லீவு வந்தது, வீட்டு மாடி எழும்பட்டும், அடுத்த வருடம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நானேதான் தள்ளிப்போட்டேன். மாடி எழும்பிவிட்டது. அதில் எந்த அறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அவள் குரலாவது கேட்கவேண்டாமா? சண்டையாவது போடேன்டி.

24 மே, சனி

மச்சினியின் கடிதம் வந்துவிட்டது. ஷார்ஜா டிராஃபிக்கில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது டோனல் சார் படித்துச் சொன்னார்.

அது நாட்டுப்பாடலே இல்லை. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நோரீன் அம்மாவே கட்டிய பாட்டு. புருஷன் கல்ஃபுக்குப் போன வருடங்களில், அடுப்படியில் நின்று, ஒவ்வொரு அடியாகக் கட்டியிருக்கிறார். நான் எழுதினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, பழைய பாட்டு, யார் எழுதியதோ என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். தங்கையான இந்த மச்சினிக்கு மட்டும்தான் தெரியும். புருஷனிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாராம், அதனால்தான் மச்சினி இத்தனை நாள் புத்தகம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எழுதியும் வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, அந்தக் கேசட்டில் பாடியதுதான்.

"இத்தனை வருடம் வேறு யாரோ ஒருத்தியின் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் டோனல் சார்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்தான் எடுத்தேன், ஓட்டையில் டேப் ஒட்டினேன், என் வீட்டுக்காரியிடம் பேசி அழித்துவிட்டேன், உங்களிடம் பொய் சொன்னேன். தெரிந்த இங்கிலீஷ், தெரிந்த இந்தி, நடுவில் தமிழ்.

அவர் இறங்கினார். அந்த வெயிலில் ரோட்டோரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி உட்கார்ந்ததும் "யல்லா, போகலாம்" என்றார். சைட் வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

25 மே

காலையில் வண்டியில் ஏறியதும் கேட்டார். "முழுக்கப் பேசினாயா?"

பாட்டு இருந்த மறுபக்கத்தில் கொஞ்சம்தான் பேசினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அவரிடம் சொல்லப் பயம். நாகவள்ளிதான் எப்போதும் அதன் மேலேயே பதில் பேசுவாளே. இந்நேரம் பேசி முடித்து, அனுப்ப ஆள் இல்லாமல் வைத்திருந்தால்?

30 மே, வெள்ளி

ரஹ்மான் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அவனே எடுத்தான். மகள் நிக்காஹ்வுக்காக லீவை நீட்டிக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறான். "மாப்ள, ஒம் பொண்டாட்டி ஒன் மேல கொலவெறில இருக்கு. நீ என்ன பண்ணித் தொலச்ச?" என்றான். உயிர் போகிற காரியம், கையோடு கூட்டிவா என்றேன்.

கால் மணி நேரம் கழித்து நாகவள்ளி வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னால், "யாரு அந்தப் பொம்பள?" என்று கேட்டாள்.

"எந்தப் பொம்பள?"

"நல்லா கேக்குறீக. ஆசயா பேசிக்கிட்டே வர்றீக, படக்குனு நிக்குது, அடுத்து ஒருத்தி பாடுறா. எவன்னு கேட்டேன்."

மூன்று மாதம் எதற்குத் தலைவலி என்று எனக்கு விளங்கிவிட்டது. இங்கே ஒரு வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்திருக்கிறாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முழுக்கதையையும் சொன்னேன்.

"நாகு, அதுக்கு மேல நீ பேசிட்டியா?"

"பேசல" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் டீச்சர் பானுப்பிரியாவிடம் கேசட்டைக் கொண்டுபோயிருக்கிறாள். டீச்சர் நாலு சாயங்காலம் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு நோட்டில் வரி வரியாக எழுதி, அர்த்தமும் சொல்லியிருக்கிறார்.

"புருஷனுக்குக் காத்துக் கெடக்குற பாட்டுன்னு டீச்சர் சொன்னாக. அப்ப இன்னொருத்தியும் ஒங்களுக்குக் காத்துக் கெடக்குறான்னுதான் நெனச்சேன். ஆத்தரத்துல அழிச்சிப்புடலாம்னு பட்டன்ல கைய வச்சிட்டேன். முடியல. அவ எவளா இருந்தா என்ன, என்னயத்தானே பாடிருக்கா."

நான் ரூம் வாசலில் நின்று அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

13 ஜூன், வெள்ளி

ரஹ்மான் வந்துவிட்டான். கேசட்டும் நோட்டும் வந்துவிட்டன. கேசட்டை நான் போட்டுக் கேட்கவில்லை.

14 ஜூன், சனி

டோனல் சார் வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னார். நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். மறுபக்கத்தைப் போட்டார். முதலில் என் குரல்தான். குழைந்து குழைந்து என்னவோ பேசிக்கொண்டிருக்கிறேன், கூச்சமாகப் போய்விட்டது. டக்கென்று நின்றது. பிறகு அந்த அம்மா.

முதல் சரணத்தை நான் அழித்துவிட்டேன். மீதி மூன்று சரணமும் இருந்தன. முதல் சரணம்தான் டோனல் சாருக்குத் தெரியுமே. நோட்டை வைத்துக்கொண்டு அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தார். எனக்கு டீச்சர் எழுதிய தமிழ் இருந்தது. "அறுப்புக்கு வருகிறான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். அறுப்பு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு என்றேன். அதுவும் போனது. இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை, நானும் யாருக்கும் சொல்வதில்லை."

அவர் அழுதார். அறுபது வயது ஆள், வாய்விட்டு. நான் ஏ.சி.யைக் கூட்டுவது போல் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

31 ஜூலை

டோனல் சார் கல்யாணத்துக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் கேசட்டைப் பெட்டியில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

6 செப்டம்பர், சனி

வந்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்ததாம். முதல் சரணத்தை மகள் பாட, மீதியை கேசட்டில் அம்மா பாடியிருக்கிறார். ஆனால் கேசட்டைப் போட்ட ஆள் கொஞ்சம் முன்னாலிருந்தே ஓடவிட்டுவிட்டானாம். ஐயர்லாந்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், அத்தனை வெள்ளைக்காரர்களும் எழுந்து நிற்க, என் தமிழ் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நோரீன் அம்மா.

"எல்லோரும் கேட்டார்கள், அந்த மனுஷன் என்ன சொல்கிறான் என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக என்ன சொன்னாய் கார்மேகம்?"

நினைவில்லை என்று சொல்லப் பார்த்தேன். இந்த மனுஷனிடம் இன்னொரு பொய் வேண்டாம்.

"சித்திரைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவேன் என்று சொன்னேன் சார்."

"சித்திரை என்றால்?"

"ஏப்ரல்."

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். "லீவு கேட்டாயா?"

"இல்லை சார்."

"கேட்கும் எண்ணம் இருந்ததா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் அறுப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்" என்றார்.

12 செப்டம்பர், வெள்ளி

லீவுக்கு எழுதிக் கொடுத்து கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வருகிற வியாழன் டிக்கெட். ரூமில் பொட்டலங்கள் சேர ஆரம்பித்துவிட்டன. நாகவள்ளிக்குப் போன் பண்ணவில்லை. வருகிறார் என்று எத்தனை தடவைதான் அவளும் தெருவில் சொல்லுவாள்.