முப்பத்தெட்டு ஒட்டுகள்

மார்ச் 4

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பதிவு செய்த சொனாட்டாவின் தகடு இத்துடன் இருக்கிறது. அதை எழுதிய ருஷ்யரின் பெயர் எங்கள் ஒலிக்கூடத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. நூலகத்தில் தூசி தின்று கிடந்ததை நீங்கள்தான் வாசிக்க வேண்டுமா என்று கேட்டவன் நான். கேட்டது தப்பு. இரண்டாம் பகுதியில் உன் வயலின் தணிந்து மாமாவின் பியானோவுக்கு வழிவிடும் இடத்தை, வேலை முடிந்த பிறகும் போட்டுக் கேட்டேன்.

மாமாவிடம் சொல், சொன்னபடி முடித்துவிட்டேன்.

தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

அது கடிதமா, தந்தியா? தகட்டை மூன்று தடவை கேட்டேன். மாமா ஒரு தடவைகூட உட்காரவில்லை. "குழாய் ஒழுகுது, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அவருக்கு இப்போது வலது கையால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பயிற்சியில் கடைசிப் பக்கம் முழுக்க சுரங்கள் விட்டு ஓட்டை. "கை தூங்குதா?" என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மருத்துவர் எப்போதிலிருந்து என்று கேட்டார். "இப்பதான்" என்றார் இவர். சாட்சிக்கு உன் தகட்டையே போட்டுக் காட்டினேன். 'ஜனவரியில் கை சரியாக இருந்தது' என்று எழுதிக்கொண்டு, தசைப்பிடிப்புதான், ஓய்வு போதும் என்று அனுப்பிவிட்டார். உன் புண்ணியத்தில் நிம்மதி.

அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

அந்தத் தகட்டை நம்பாதே. கடைசிப் பகுதியில் மட்டும் முப்பத்தெட்டு ஒட்டுகள். மாமாவின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் பதிவின் முதல் நாளே சில சுரங்களை விட்டன. மூன்றாம் நாள் அந்த விரல்களின் சுரங்களில் பாதிக்கு மேல் ஒலிக்கவே இல்லை. உன் காதடியில் வயலின், உனக்குக் கேட்டிருக்காது; பியானோ மைக்கில் எனக்குக் கேட்டது. ஒரு நாள் விட்டதை இன்னொரு நாள் வாசித்ததிலிருந்து வெட்டி ஒட்டினேன். நீ வயலினைப் பெட்டியில் வைக்கப் போனபோது மாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மச்சான், அக்கா காதுக்குப் போகாம சரி பண்ணிடு."

பயிற்சி போதவில்லை, வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அதுவும் பாதிப் பொய். பயிற்சி போதாதவனுக்கு எல்லா விரலும் தடுக்கும். இரண்டு விரல் மட்டும் நாளுக்கு நாள் மோசமாவதைப் பட்டியல் போட்டே வைத்திருந்தேன். ஒட்டு தெரியாமல் வந்ததில் பெருமை வேறு.

வெட்டாத பதிவும் பட்டியலும் அனுப்புகிறேன். உடனே நரம்பு மருத்துவரிடம் போங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்.

தம்பி

மே 11

தம்பிக்கு,

போனோம். கழுத்தெலும்பு நரம்பை நெரித்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தது. "ஜனவரியிலேயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு விரலும் இனிப் பாதிதான்.

பொய் சொன்னவருக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அவர்மேல் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. எல்லாம் உன் பக்கம் வருகிறது. நியாயமா, தெரியவில்லை.

நேற்று மெதுவான பகுதியை மட்டும் வாசித்தோம். அவர் விரலுக்கு எட்டாத சுரங்களை நான் வயலினில் எடுத்துக்கொண்டேன். சிலது இருவருக்கும் நடுவில் விழுந்தது. "உன் தம்பி இருந்தா ஒட்டியிருப்பான்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.

தகடு வெளிவராது. நான் கூப்பிடும்போது வா. மைக் எடுத்து வராதே.

அக்கா