இப்ராஹீம் நபியின் சித்திரமும் என் கையொப்பமும்

பதுளை,
16.03.1976

அன்புள்ள றஷீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கணவன் லத்தீபாகிய நான், பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றைப் பிறர் சொல்லி நீ அறியுமுன் அறிவிக்கவே இதனை எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நபிகளாரின் பிறந்த தின மீலாத் கண்காட்சியில் சித்திர ஆசிரியர் வைரவநாதன், மகனை அறுக்கத் துணிந்த இப்ராஹீம் நபியை (அலை) வரைந்து மாட்டிவிட்டார். நபிமார்களுக்கு நாம் உருவம் கொடுப்பதில்லை என்பதை அவர் அறியார்.

"மரியாதையாத்தாங்க வரைஞ்சேன். தலையைச் சுத்தி ஒளிகூடப் போட்டிருக்கேனே!" என்றார்.

பள்ளிவாசல் பரிபாலன சபைத் தலைவர் நஸீர் ஹாஜியார் கொதித்துப் போனார். "நபிமாருக்கு ஒளி போட நீங்க யாரு மாஸ்டர்? லத்தீப் சேர், இவரை வேற ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லி இண்டைக்கே எழுதுங்க!"

படத்தை நானே கழற்றிச் சுருட்டி வைத்தேன். அஞ்சாதே, கைகலப்பு ஏதுமில்லை. ஆனால், 'இப்ராஹீம் நபி – சித்திரம்' என்றிருந்த கண்காட்சிப் பட்டியலை முன்னரே அனுமதித்தவன் உப அதிபராகிய நான். அதைச் சரியாக வாசிக்காமலே கையொப்பமிட்டேன். வைரவநாதன் அதனைச் சொல்லித் தப்பியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் நின்றார்.

மாசிக் கருவாட்டுத் தூள் சிறிது அனுப்பு. தனியாகச் சமைத்துத் தனியாக உண்பவனுக்கு அது போதும். இடமாற்றம் எனக்கே வந்தாலும் கலங்காதே.

ஹாஜியார் கேட்ட கடிதத்தை நான் எழுதப்போவதில்லை. நாளைக் காலை சபையின் முன் அந்தப் பட்டியலை வைத்து, அனுமதித்தவன் நானே என்று சொல்லப்போகிறேன்.

லத்தீப்