தையல்காரர் தெருவிளக்கு

ஜூன் 3, செவ்வாய்
மாமா காலையில் டாக்டர், மாலையில் நகர்மன்றத் தலைவர். ஊருக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், மூச்சை இழுக்காமல் சாக்கடை அடைப்பைச் சொல்கிறார்கள். நான் டாக்டருக்குப் படித்து முடித்து மாமாவின் கிளினிக்குக்கு வந்து இரண்டு மாதமாக இதே கூத்து. இன்று முதல் என் ஏற்பாடு: நோய்க்கு வெள்ளைச் சீட்டு, காலையில். ஊர் விஷயத்துக்கு மஞ்சள் சீட்டு, மாலையில் நகர்மன்றத்தில். "ஊரையே கூறு போட்டுட்ட மாப்ள" என்று மாமா சிரித்தார்.

ஜூன் 9
தையல்காரர் மஞ்சள் சீட்டோடு என் அறைக்குள் வந்துவிட்டார். தெருவிளக்கு மங்கலாம். மாமா காதில் மாதக்கணக்காக ஓதும் அதே பாட்டு. உடம்புக்கு என்ன என்றேன்.
"எனக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். விளக்குக்குத்தான் சீக்கு."
சாயங்காலம் வரச்சொல்லி வாசலைக் காட்டினேன்.

ஜூன் 17
நகர்மன்ற ஒயர்மேன் வந்தார். "பல்பு புதுசு சார். அந்த வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்கலாம். அந்தாளுக்கு வேற வேலை இல்ல." மாமா ஏற்கெனவே இரண்டு முறை பல்பு மாற்ற வைத்தவர். இன்று மூன்றாவது முறையும் கையெழுத்துப் போட்டார். நல்ல பல்பை எதற்கு மாற்றுவது? கேட்டால், "கேக்குறாருல்ல" என்கிறார்.

ஜூன் 26
தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்கப் போனேன். ஒரு கால் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. முப்பது வருடக் கை! சண்டைக்கு வாயெடுத்தேன். அவர் துணியை மூக்கருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, இடது கண்ணால் மட்டும் பார்த்தார்.
"விளக்கு மங்கல்னீங்களே, எப்படி மங்கல்?"
"சுத்தி வட்டம் வட்டமா கலர் தெரியும் தம்பி. இப்ப எல்லா விளக்குலயும்தான்."
கையைப் பிடித்து கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். பார்வை நரம்பு வெளுத்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம். கிளாக்கோமா. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்.

ஜூலை 1
கண் மருத்துவமனையிலிருந்து கடிதம். வலது கண் போனது போனதுதான். இடதைக் காப்பாற்றலாம்.
மாமா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, "மூணு பல்பு மாத்துனேன்டா" என்றார்.
யார் மேல தப்பு? வாசலைக் காட்டினது நான். சரி. ஆனா சீட்டே இல்லாத காலத்துல அவரை எதிர்ல உட்கார வச்சுக் கேட்டவரு மாமாதானே — டாக்டரா கேட்டாரா, தலைவரா கேட்டாரா? சீட்டு தப்பா, கேட்ட விதம் தப்பா? கத்தணும் போல இருக்கு. யாரைப் பார்த்து?

ஜூலை 2
சீட்டுகளைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. வைத்திருப்பதும் சரியாகப் படவில்லை.

ஜூலை 11
தையல்காரரின் மனைவி அவருடைய கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தார். எழும்போது, "குழாத் தண்ணி ரெண்டு நாளா கசக்குது. அதை சாயங்காலம் உங்க மாமாகிட்ட சொல்லிக்கிறேன் தம்பி" என்றார்.
"எல்லாருக்கும் கசக்குதா, உங்களுக்கு மட்டுமா?"
யோசித்தார். "பக்கத்து வீட்டுல கேக்கலையே."
செருப்பை மாட்டினேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். செய்வது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.
"எங்கடா?" என்றார் மாமா.
"தண்ணி குடிச்சுப் பாக்க."
அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.